பதினோராவது டேக்

எவரிஸ்தோவுக்கு மாத்தே பிடிக்காது.
கசக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்பார்.
தக்குவரெம்போவில் ஓட்டு வேண்டுமென்றால்
கக்கத்தில் ஃபிளாஸ்க் இடுக்காமல் முடியாது என்றாள் ஃபிலோமேனா,
மணிக்கு இவ்வளவு என்று பேசி
மொந்தேவிதேயோவிலிருந்து வந்தவள்.

ஃபிளாஸ்க் காலி.
சுரைக்குடுவையில் இலை மட்டும், காய்ந்து.
உறிஞ்சும்போது கன்னம் குழிய வேண்டும்.
விழுங்கியதும் தொலைவில் மாடுகளைப் பார்க்க வேண்டும்.
'நான்' வருமிடமெல்லாம் 'நாம்'.
'வரி' வாயிலேயே வரக்கூடாது.
மடித்த சட்டைக்கை முழங்கைக்கு இரண்டு விரல் கீழே.

பதினோராவது டேக்கில்
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஒல்மெதோ
கேமராவுக்குக் குறுக்கே நடந்து வந்து
"வெறும் காற்றையா குடிக்கிறாய்?" என்று
தன் குடுவையை நீட்டினார்.
எல்லோரும் பார்க்கிறார்கள். வாங்கித்தான் ஆகவேண்டும்.

சுட்டுவிட்டது.
பெற்றவளையும் பிசாசையும் ஒரே மூச்சில் கூப்பிட்டு
குனிந்து துப்பி
நாக்கை வெளியே தொங்கவிட்டு,
பிறகு சிரித்தார்
மூக்கில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தபடி.
அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"வெட்டிவிடு" என்றாள் ஃபிலோமேனா.
வெட்டினேன். அதற்குத்தான் சம்பளம்.
ஒன்பது வினாடி.
அழிக்கவில்லை, ஏனோ.

ஜெயித்துவிட்டார்.
பேருந்து நிலையச் சுவரில் இன்னமும்
மழையில் ஓரம் கிழிந்து
மாடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் யாருக்குப் போட்டேன் என்கிறீர்களா?
உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டது உண்மை.
அந்த உறை
அவருடைய ஃபிளாஸ்க் மாதிரி.