பதினேழு விழுக்காடு

சாம்பல் புதனன்று நெற்றியில் இட்ட சிலுவையை
பகல் பத்து மணிக்குள் கருக்காய்த் தூசி மூடிவிட்டது.
நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

கோரையாற்றுக் கரைக் கொள்முதல் நிலையத்தில்
நான் பட்டியல் எழுத்தர். பெயர் சவேரிநாதன்.
ஈரம் பார்க்கும் கருவி என் மேசையில்தான் இருக்கிறது.
அதன் கண்ணில் சிவப்பாய் ஓடும் எண்
பதினேழைத் தாண்டக் கூடாது.
தாண்டினாலும் தாண்டாததாய் எழுத
சிப்பத்துக்கு நாற்பது ரூபாய்.

பாம்பாக வரும் என்றுதான்
ஞாயிறு மறைக்கல்வியில் படம் காட்டினார்கள்.
வரவில்லை.
சுமைதூக்கும் மரியசூசை
ஒரு டீயை மேசையில் வைத்து,
"எல்லாரும் வாங்குறதுதானே சார்" என்றான்.
அவ்வளவுதான்.
பசித்தவனிடம் கல்லைக் காட்டவில்லை,
ஜெனிட்டாவின் நர்சிங் கல்லூரி ரசீதைக் காட்டியது.
கோபுர உச்சிக்குக் கூட்டிப் போகவில்லை,
மண்டல அலுவலகம் வரைக்கும் பங்கு போகிறது என்றது.
தின்னும்போது பழம் மாதிரி ருசிக்கவும் இல்லை.
ஒன்றுமே ருசிக்கவில்லை.
ஓர் ஐந்நூறை எடுத்து
பிள்ளைகளின் தவக்கால உண்டியலில் போட்டேன்.
சத்தமில்லாமல் விழுந்தது.
சில்லறைதான் சத்தம் போடும்.

தையல்நாயகி கொடுக்க மறுத்தாள்.
குத்தகை நிலம், அறுபத்து மூன்று சிப்பம்.
கருவி பதினாறரை காட்டியது.
நான் பத்தொன்பது என்றேன்.
"காய வச்சு எடுத்துட்டு வாம்மா."
மாசியில் பெய்யாத மழை அந்த வருஷம் பெய்தது.
பதினோரு ராத்திரி களத்தில், தார்ப்பாய்க்கடியில்,
நெல்லோடு நெல்லாய்ப் படுத்திருந்தாள்.
பன்னிரண்டாம் நாள்
ஒன்பது சிப்பம் முளைத்திருந்தது.
மீதிக்கு, இரண்டாயிரத்து நூற்று அறுபது,
எண்ணி வைத்தாள்.
நோட்டெல்லாம் ஈரம்.
எத்தனை விழுக்காடு என்று எனக்குள் ஒன்று கேட்டது.

"லஞ்சம் வாங்கினேன் சாமி" என்றேன்
பாவசங்கீர்த்தனத்தில். பொதுவாய், பெயர் இல்லாமல்.
சாமியார் புதியவர், வயது குறைவு.
"யாருகிட்ட?" என்றார்.
இத்தனை பாஸ்காவில் யாரும் கேட்டதில்லை.
சொன்னேன். சொன்னதும் தொண்டையில்
முளைத்த நெல்லின் புளிச்ச நாற்றம்.
மூன்று அருள்நிறைந்த மரியே, ஒரு பரலோகத்தில்
என்று விதிப்பார் எனக் காத்திருந்தேன்.
"அவங்க ஊருக்கு எந்த பஸ் போகுது?" என்றார்.

மனந்திரும்புதல் என்றால்
கண்ணீர் என்று நினைத்திருந்தேன்.
அது ஆற்றங்கரைச் சாலையில்
பஸ்ஸைத் திருப்புவது மாதிரி.
முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம்,
"வரலாம், வரலாம்" என்று கத்த ஆளில்லாமல்
பின்சக்கரம் சரிவைத் தொட்டுக்கொண்டு.

தையல்நாயகி பணத்தை வாங்கிக்கொண்டாள்.
எண்ணினாள்.
முளைத்த ஒன்பதுக்கும் விலை வைத்திருந்தேன்,
அதையும் எண்ணினாள்.
"அந்தப் பதினோரு ராத்திரி?" என்றாள்.
கோபம் இல்லை.
கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைக்
காட்டுகிறவள் மாதிரி.
உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.
தெருக்குழாயில் யாரோ குடம் மாற்றினார்கள்.
நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மரியசூசை டீ கொண்டுவந்து வைத்தான்.

மதகை எவ்வளவு இறக்கினாலும்
பலகைக்கடியில் நூலாய் நீர் கசியும்.
அதைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான்
லஸ்கருக்குச் சம்பளம்.

டீயைக் குடித்தேன். காசை நானே கொடுத்தேன்.
யாருடைய நெல்லோ, ஒரு பிடி கருவியில் போட்டேன்.
எண் ஓடியது. ஓடி நின்றது.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன்.
அதையே எழுதினேன்.
கை நடுங்கியதில் ஏழு ஒன்றாகி
பதினேழு, பதினொன்று என விழுந்தது.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்திருந்துவிட்டு
அடித்து, பக்கத்தில் திருத்தி,
திருத்தத்துக்கு அடியில்
முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.