நாற்பத்தோரு மீட்டர்

பழைய வரைபடத்தின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது.
தின்னாத மூலையில் மூன்று ஊர் எல்லை முட்டுகிறது:
நாகதொணையள்ளி, பேடரப்பள்ளம், சிக்ககுட்டை.
முட்டும் இடத்தில் சின்னதாய் ஒரு கட்டம்,
பக்கத்தில் எந்தக் குமாஸ்தாவோ கிறுக்கிய
'வீரக்கல்'.

கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
பதினோரு செயற்கைக்கோள்கள் வழி சொல்ல
கொள்ளுக்காடு, கோயில், ஒற்றைப் புளி எல்லாம் தாண்டி
இன்னும் ஆறு மீட்டர் மேற்கே என்றபோது
தரை முடிந்துவிட்டது.

கீழே கிரானைட் குழி.
தொண்ணூறு அடியில் பச்சைத் தண்ணீர்.
என் எல்லைப் புள்ளி அந்தரத்தில் நின்றது,
ஒரு பருந்து வட்டமடிக்கும் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே.
"அங்க கல்லு நட முடியாது மேடம்" என்றார் திம்மராயன்,
இருபத்தாறு வருஷமாய்ச் சங்கிலி பிடிப்பவர்.
முடியாதுதான்.

வந்த வழியிலேயே கல்லைக் கடந்திருந்தோம்.
தகரக் கூரை, துருவேறிய மூன்று வேல்,
கபடிக் குழு உபயம் என்றெழுதிய ட்யூப்லைட்.
மஞ்சளும் எண்ணெயும் அப்பிய முகத்தோடு வேடியப்பன்.
நெஞ்சில் இரண்டு அம்பு, வில் இன்னும் வளைந்தபடி.
காலடியில் மாடுகள், வால் தூக்கிய ஒரு நாய்;
நாய்க்கும் தனியாக ஒரு பொட்டு.
எழுத்தைப் படமெடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன்.
அரைமணியில் பதில்: 'தொறு மீட்டுப் பட்டான்'.
பெயர் இருந்த இடத்தில்
தேங்காய் உடைத்த வடு.

விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த கெம்பம்மாளிடம் கேட்டேன்.
"வெடி வைக்க வைக்க சாமி நடுங்கிச்சு.
ஒரு அமாவாசை ராத்திரி எழுந்து நடந்து வந்துடுச்சு."
"கூட எத்தனை பேர் நடந்தீங்க?"
"பதினாறு பேரு. ரெண்டு சவுக்குக் கட்டை முறிஞ்சுது."

ஆயிரம் வருஷத்துக்கு முன்
அம்பு பாய்ந்தும் ஓரடி பின்வாங்காதவன்
நாற்பத்தோரு மீட்டர் பின்வாங்கியிருக்கிறான்.

இங்கிருந்து பார்த்தால் துர்க்கம் தெரியும்.
மேலே வற்றாத தொணை. சரிவில் குள்ளர் வீடுகள்,
பலகைக் கல்லில் வட்ட ஓட்டை போட்ட கதவு,
உள்ளே இப்போது ஆட்டுப் புழுக்கை.
கன்னடத்தில் வரி கேட்டார்கள், பாரசீகத்தில் கேட்டார்கள்,
அப்புறம் சீமையிலிருந்து வந்தவர்கள்
கேட்பதற்கு முன் அளந்தார்கள்.
என் வேலை அவர்கள் விட்டுப்போன மிச்சம்.

அவர்களில் ஒருவன் துர்க்கத்து அடிவாரத்திலேயே தங்கிவிட்டான்,
காய்ச்சலில்.
கல்லறையில் அவன் பெயர் உதிர்ந்து
ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது: கில்லார்வி.
ஸ்காட்லாந்தில் ஏதோ மலையோரத்துப் பேரிஷ்.
கில்லார்வி சாமி என்கிறார்கள்.
குழந்தைக்கு இருமல் என்றால் ஒரு பிடி உப்பு வைக்கிறார்கள்.

குழியிலிருந்து போன பாளங்கள்
சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறின.
எதற்கு என்று குவாரி மேலாளரைக் கேட்டேன்.
"பெரும்பாலும் சமாதிக்கல்தாங்க. கறுப்பு அவங்களுக்குப் பிடிக்கும்."
கில்லார்வியின் தேவாலயப் புல்வெளியில்
எங்கள் மலை மழையில் நனைந்து நிற்கலாம்,
பளபளப்பாக, யாரோ ஒருவர் பெயரைச் சுமந்துகொண்டு.

படிவத்தில் குறிப்புக்கு ஒரு வரிதான் இடம்.
'கல் நகர்த்தப்பட்டுள்ளது' என்றால் பதினாறு பேர் மேல் வழக்கு.
'கல் காணவில்லை' என்றால்
பொட்டு வைத்த நாய் என்னைப் பார்க்கிறது.
எழுதினேன்:
கல் உள்ளது. இடம் இல்லை.

தாசில்தார் திருப்பி அனுப்புவார்.
அனுப்பட்டும்.

அடுத்த குழியில் நாலு மணிச் சங்கு ஊதியது.
திம்மராயன் காதைப் பொத்திக்கொண்டார்.
கெம்பம்மாள் வேடியப்பனின் தோளில்
சும்மா கையை வைத்துக்கொண்டாள்.
நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.