அடிப்பூச்சு

ரெட் ஆக்சைடு போதும் என்கிறார்
ஹார்டுவேர் கடை ஜெய்லானி பாய்.
கேட்டுக்கும் அதுதான், கிரில்லுக்கும் அதுதானாம்.
இரும்புக்குத் துருப் பிடிக்கும் பாய்,
மரத்துக்கு என்ன பிடிக்கும் என்றேன்.
கல்லாவை மூடிவிட்டு
எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

நான் தையல்காரி.
முத்துப்பேட்டையில் லைனிங் இல்லாமல்
ஒரு ஜாக்கெட்டும் என் கையைவிட்டுப் போனதில்லை.
மேல்துணி ஊருக்கு,
உள்துணி உடம்புக்கு.

படகையும் தைத்துத்தான் கட்டினோம்
நானும் தங்கபுஷ்பமும்.
பழைய பேப்பரில் அளவு வெட்டி
பிளைவுட்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிழுத்து
பலகையோடு பலகை சேர்த்துக் கம்பியால் தையல்.
கம்பி அவள் காயில் கட்டும் கடையில்
கருகி வந்த மோட்டார்களின் குடல்.
பிசின் இறுகியதும் தையலைப் பிரித்தோம்.
பதினோரு அடி.
எதுக்கு என்று கேட்டவர்களுக்கு
இன்னும் ஒரு பதிலும் தைத்து முடிக்கவில்லை.

இந்தத் தண்ணீர் ஒரு தண்ணீர் இல்லை.
வைகாசியில் வாயில் வைக்க முடியாத உப்பு,
ஐப்பசியில் மேட்டூரிலிருந்து வழியெல்லாம்
வயல் கழுவி வந்த வண்டல்.
இரண்டுக்கும் அசையாத ஒரு தோல் வேண்டும்.

மூன்று துண்டுப் பலகைக்கு மூன்று பூச்சு.
அலையாத்திக் காட்டு வாய்க்காலில்
நைலான் கயிறு கட்டி இறக்கிவிட்டு
நாற்பது நாள் ஜாக்கெட் தைத்தேன்.

வெள்ளை வுட் பிரைமர்
அம்மை வார்த்ததுபோல் கொப்புளித்து வந்தது.
ரெட் ஆக்சைடு வெங்காயச் சருகாய்
கயிறை இழுக்கும்போதே உரிந்தது.
எபாக்ஸி மட்டும்
கொட்டலசு நாலைந்தைச் சுமந்துகொண்டு
நகத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

எபாக்ஸிக்குக் கோபம் அதிகம்.
நாலு பங்குக்கு ஒரு பங்கு,
கலந்துவிட்டால் முக்கால் மணி நேரம்,
அப்புறம் பிரஷ்ஷோடு கல்.
ஈரம் ஆகாது.
மரத்தில் பாலிதீன் ஒட்டி
இரவு விட்டுப் பார்க்கச் சொன்னார் பாய்.
முதல் இரவு வியர்த்திருந்தது.
இரண்டாம் இரவும்.
“ஜாக்கெட் ஆச்சாக்கா?”
படகு காயலைம்மா.
ஐந்தாம் நாள் காலையில் பாலிதீன்
இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

நூற்றிருபது நம்பர் உப்புத்தாள், துடைப்பு,
ஒரு கோட்.
இருநூற்றிருபது, துடைப்பு,
இன்னொரு கோட்.
சாம்பல் நிறத்தில்
யாருடைய படகோ போல நின்றது.

வெயில் பட்டால் எபாக்ஸி மாவாய் உதிரும்.
மேலே பாலியூரித்தேன் வேண்டும்.
என்ன கலர்?
கலர் அட்டையில் எல்லாம் நம்பர்.
தங்கபுஷ்பத்துக்கு மஞ்சள்,
மூழ்கினால் தேடச் சுலபமாம்.
எனக்கு மயில்கழுத்து.
அட்டையில் இல்லை.
ஒரு வெட்டுத்துணியை நீட்டினேன்.
நீலத்தில் பச்சை விட்டு, கொஞ்சம் கறுப்பு விட்டு
துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
கண்ணால் கலந்தார் பாய்.
ஒரு லிட்டர் போதும் என்றார்.
போதும் என்பது அவருக்குப் பழக்கம்.

வலது பக்கம் முடிந்து
இடது பக்கம் பின்னால் வருகையில்
டப்பாவின் அடி தெரிந்தது.
இரண்டு முழம் பாக்கி.

மறுபடி கலந்தார்.
அதே நீலம், அதே பச்சை,
அதே வெட்டுத்துணி.
வேறு மயில்.

முழுக்கத் தேய்த்து
முதலிலிருந்து அடிக்கலாம் என்றாள் தங்கபுஷ்பம்.
உப்புத்தாளைக் கையில் எடுத்தேன்.
கழுத்து அளவு தப்பிய ஜாக்கெட்டுகளை
நினைத்துப் பார்த்தேன்.

இரண்டு நீலமும் சந்திக்கும் இடத்தில்
மாஸ்கிங் டேப் இரண்டு ஒட்டி,
நடுவில் அரை விரல் அகலம்
மஞ்சள் இழுத்தேன்.

பைப்பிங் என்றேன்.

தங்கபுஷ்பம் குனிந்து பார்த்தாள்.
அந்தப் பக்கமும் ஒன்று இழு,
இல்லாவிட்டால் ஒட்டு என்று தெரிந்துவிடும் என்றாள்.

தெரியட்டும்.