மூன்று கிலோ நூறு

முகங்களைவிட முழங்கால்களை எனக்கு நன்றாகத் தெரியும்.
பன்னிரண்டு பேர், இருபத்துநான்கு முழங்கால்கள்,
அவற்றில் ஏழு ஏற்கெனவே பழுது பார்த்தவை.
டாக்டர் இல்லை, பிசியோ என்று
எத்தனை முறை சொன்னாலும்
நைரோபியில் விமானம் ஏறியதிலிருந்து
டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள்.

ஹாங்காங். ஞாயிறு காலை பதினொன்று.
ஒன்பதாம் இடத்துக்கான ஆட்டம்.
ஒன்பதாம் இடம் யாருடைய கனவிலும் வருவதில்லை.
தெற்குப் பக்க இருக்கைகளில் நேற்றைய கூட்டத்தின் மிச்சம்:
ஒரு வாழைப்பழம் கன்னியாஸ்திரியின் தோளில் தூங்குகிறது.
கன்னியாஸ்திரிக்கு மீசை.
நான்கு ஒட்டகச்சிவிங்கிகள் நூடுல்ஸ் உறிஞ்சுகின்றன.
பின்னால் மலை, மலைமேல் மேகம்,
மேகத்துக்குள் யாரோ குடியிருக்கும் நாற்பதாவது மாடி.

கட்டுப்போடும் மேசையில் லுசேனோ.
கணுக்கால், தொடை, இடது சுண்டுவிரல்.
கடைசியில் மணிக்கட்டை நீட்டினான்.
"இதில் எழுதுங்கள், டாக்டர்."
விடிகாலை மூன்று மணிக்குப் பிறந்திருக்கிறாள்,
ககமேகாவில். அங்கே அப்போது இன்னும் சனிக்கிழமை.
"பெயர்?"
"வைக்கவில்லை. எடை மட்டும்தான் சொன்னார்கள்."
கறுப்பு மையில் எழுதினேன்: 3.1
ரக்பி பந்து அரைக் கிலோகூட இல்லை என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

பதினைந்து பேருக்கு அளந்த நிலத்தில் ஏழு பேர்.
பார்க்கிறவர்களுக்கு ஓட்டம் தெரியும்,
எனக்குத் தெரிவது இடைவெளி.
ஒருவன் அரை அடி பிந்தினால் கதவு திறந்துவிடும்,
அதன் வழியே ஒரு நாடே ஓடிப்போகும்.
ஏழு நிமிடம். இரண்டு நிமிடம் மூச்சு. மறுபடி ஏழு.
சாமோவா பத்தொன்பது, நாங்கள் பதினேழு,
நாற்பது நொடி மிச்சம் இருக்கும்போது
பந்து லுசேனோவின் கைக்கு வந்தது.

எதிரே யாருமில்லை.
எல்லோரும் எழுந்தார்கள், வாழைப்பழம் உட்பட.
அவன் ஓடுவது எனக்குப் பிடிக்கும்,
கடன் கொடுத்தவனைத் தெருமுனையில் பார்த்துவிட்டவன் மாதிரி.
ஐம்பது மீட்டர். நாற்பது.
முப்பதில், வலது தொடையின் பின்புறம்,
அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது,
வரியில் ஓர் எழுத்து விடுபட்டதுபோல.
பையைத் தூக்கிக்கொண்டு நான் கோட்டைத் தாண்டியபோது
அவன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தான்.

காயத்துக்காக இந்த ஆட்டம் நிற்காது.
நடுச்சாலையில் படுத்துவிட்ட லாரியை
மடாட்டு வேன்கள் சுற்றிக்கொண்டு போவதைப்போல
விழுந்தவனைச் சுற்றிப் போய்விடும்.
பந்தைப் பின்னால் விட்டுத்தான் விழுந்தான்.
யார் எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.
பூட்ஸ்கள் என் காதருகே போயின.
யாரோ சாமோவா மொழியில் கத்தினார்கள்,
யாரோ சுவாஹிலியில் இடது, இடது என்றார்கள்.
நான் புல்லில் மண்டியிட்டு
ஒரு தசையின் நடுவே விரலால் பள்ளம் தேடிக்கொண்டிருந்தேன்.
இருந்தது. இரண்டு விரல் அகலம்.
ஆறு வாரம், என்று கணக்குப் போட்டேன்.
எட்டு, என்று திருத்தினேன்.
சைரன் ஊதியது. ஊதிய பிறகும்
பந்து உயிரோடு இருக்கும்வரை ஆட்டம் முடியாது.

பிறகு ஒரு கூச்சல்.
கூச்சலுக்குச் சட்டை நிறம் கிடையாது.
யாருடையது என்று தெரிந்துகொள்ள
அவன் முகத்தைப் பார்த்தேன்.
அவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"டாக்டர், அங்கே இப்போது மணி என்ன?"
"காலை ஆறேகால்."
"எழுந்திருப்பாள்," என்றான். "பசிக்கும்."

பனிக்கட்டிப் பையைத் தொடையோடு வைத்துக் கட்டினேன்.
மணிக்கட்டில் கத்தரிக்கோலை வைத்ததும்
எண்ணை விட்டுவிட்டு வெட்டுங்கள் என்றான்.
வியர்வையில் புள்ளி கரைந்து
முப்பத்தொன்று ஆகியிருந்தது.
"வளர்ந்துவிட்டாள்," என்றேன்.
சிரித்தான். சிரித்ததில் தொடை இழுத்துக்கொண்டது,
என்னைத் திட்டினான், டாக்டர் என்று சேர்த்தே.

ஒன்பதா பத்தா என்று
பேருந்தில் ஏறிய பிறகுதான்
யாரையோ கேட்டேன்.