விழுவதற்கு அனுமதி

ஓடுதளத்தின் மேற்கு முனைக்கு அப்பால்
நாச்சிமுத்துக் கவுண்டரின் கடலைக்காடு.
ஏறும்போது இன்ஜின் நின்றால் அங்கேதான் இறங்க வேண்டும்,
அதனால் ஒரு சாயங்காலம் நேரில் போய்க் கேட்டோம்.
"விழறதுன்னா விழுங்க," என்றார்,
"கெணத்துக்கு இந்தப் பக்கமா விழுங்க.
ஐப்பசி பொறந்து விழுந்தீங்கன்னா
செடி புடுங்கியிருப்பேன்."

அபுதாகிர் பட்டியலில் எழுதிக்கொண்டான்:
கிணறு, இடப்பக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை.
ஆறு வருஷமாய்ப் பகலில் பம்ப்செட், ராத்திரியில் இறக்கை.
இடது இறக்கையின் ரிவெட் முழுக்க நான் அடித்தது,
வலது அவன்.
அடித்த கையே சரிபார்க்கக் கூடாது.
என் வரிசைகளை அவன் விரல்நுனியால் தடவிப் போய்
பதினேழைப் பிடுங்கச் சொன்னான்.
அவனுடையதில் நான் இருபத்திரண்டு பிடுங்கவைத்தேன்.
பழிவாங்கல் இல்லை.
ஐந்து மட்டும் பழிவாங்கல்.

வெல்லமண்டியில் மூன்று தராசு இரவல் வாங்கி
மூன்று சக்கரத்தையும் ஏற்றி நிறுத்தோம்.
மூக்கு கனத்தால் எழும்ப யோசிக்கும்.
வால் கனத்தால் எழும்பிவிடும்,
பிறகு நம் பேச்சைக் கேட்காது.
பேட்டரியை ஒரு சாண் முன்னால் நகர்த்தினோம்.

அனுமதித் தாள் சொல்கிறது:
முதல் நாற்பது மணி நேரம் ஓட்டுபவர் மட்டும்.
குறித்த வட்டத்துக்குள் மட்டும்.
காம்பஸ் வைத்து வட்டம் போட்டபோது
வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டிக்
கொஞ்சம் தமிழ்நாட்டில் சிந்தியது.
ரப்பரால் அழித்தோம்.
ஆட்கள் கூடும் இடத்துக்கு மேல் பறக்கக் கூடாது.
ஆட்கள் தாள் படிப்பதில்லை.
விடியும் முன்பே இளநீர் லாரிமேல் ஏறி நின்றார்கள்.

முந்நூறு அடிக்குக் கீழே இன்ஜின் நின்றால் திரும்பாதே.
இதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது,
உடம்புக்குள் இறக்க வேண்டும்.
அவன் புரோட்டா பிய்க்கும்போது கேட்பேன்,
பெட்ரோல் பங்கில் சில்லறை எண்ணும்போது கேட்பேன்:
"நின்னு போச்சு. இப்ப?"
"நேரா."
"ஓடுதளம் பின்னாலதான இருக்கு?"
"நேரா."
"வீடு, புள்ளைங்க?"
ஒருமுறை இங்கே தாமதித்தான்.
அந்த வாரப் பறப்பை நான் தள்ளிவைத்தேன்.

இன்று பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தண்ணீர் இல்லை.
பக்கத்து இருக்கையின் பெல்ட் அவிழ்ந்து கிடந்தால்
கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கிக்கொள்ளும்.
அதனால் அதைப் பூட்டி இழுத்து இறுக்கினேன்,
அங்கே உட்காராத என் இடுப்பளவுக்கு.

என் பழைய சிவப்புப் பாவாடையில் தைத்த காற்றுப்பைக்கு முன்பே
பனைமரங்களுக்குத் தெரிந்துவிட்டது.
ஓலைகள் தாள் கசக்குவது போல.
கணவாய்க் காற்றுக்கு முன்னறிவிப்பு அவ்வளவுதான்.
கருவியில் எட்டு.
பதினொன்று.
ஒரு வீச்சில் பதினாறு.
பத்துக்கு மேல் போனால் இல்லை என்று
அமைதியான ஒரு ராத்திரியில்
நாங்களே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டது.

நான் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினேன்.
அவன் உடனே அணைக்கவில்லை.
காற்றாடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
நான் எண்ணினேன். நான்கு, ஐந்து.
அணைத்தான்.

லாரிமேலிருந்து விசில்.
"பேடிச்சுப் போயி," என்றது ஒரு குரல்.
இளநீர்க்காரர் மட்டும் அன்று நஷ்டப்படவில்லை.
வாலைப் பிடித்து, பின்னோக்கி,
வந்த தடத்திலேயே ஷெட்டுக்குத் தள்ளினோம்.

ஒன்பது மணிக்குக் காற்று செத்துப்போனது.
பாவாடை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது.
அபுதாகிர் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
நோட்டில் நான் ஏற்கெனவே மையால் எழுதியிருந்தேன்:
பறக்கவில்லை. காற்று.
ஒருமுறை இல்லை என்றால் அன்றைக்கு முழுக்க இல்லை.
அதுவும் பட்டியலில் இருக்கிறது.

கடைக்கு வந்து ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றைப் பிரித்தோம்.
மத்தியானம் ஆன பிறகுதான் ஞாபகம் வந்தது,
அந்தப் பெல்ட்டை அவிழ்க்கவில்லை.