கையொப்பமில்லாத டிரைவர்

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய இரவு.
புதுப்பாளையம் மாடி அறையில்
ஜன்னல் இடுக்குக்குப் பழைய துண்டைத் திணித்திருக்கிறேன்.
மடிக்கணினியில் கறுப்புத் திரை,
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும்
விட்டு விட்டுக் கண்ணடிக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே அதற்கு ஏழு வயது.
பழைய சிஸ்டத்துக்கு இனி பாதுகாப்பில்லை என்று
செய்தவர்களே சொல்லிவிட்டார்கள்.
புதியதோ இந்த வயதை ஏற்காது.
லினக்ஸ் போட்டேன். வைஃபை வந்தது, சத்தம் வந்தது,
தமிழ் விசைப்பலகைகூட வந்துவிட்டது.
கிராபிக்ஸ் கார்டு மட்டும்
வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு
கூப்பிட்டால் ஏனென்று கேட்காத ஆள் மாதிரி.
கம்பெனியைக் கேட்டால் ஒரே வரி:
இந்த மாடலுக்கு ஆதரவு இல்லை.

அந்தச் சொல் எனக்குப் பழக்கம்.
ஆதரவற்றவள், கணவனால் கைவிடப்பட்டவள் என்று
மூன்று பேர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய தாள்
பதினான்கு மாதமாகத் தாலுகா ஆபீசில்.
விஏஓ மாறுதலில் போனார்.
ஆர்ஐ கேட்டார்,
"அவர் விட்டுட்டுப் போனதுக்குச் சாட்சி இருக்கா?"
போனவரைத்தான் கூட்டிவர வேண்டும், சாட்சிக்கு.

காலையில் மேஸ்திரி ஞானப்பிரகாசம் வருவார்.
பண்ருட்டி முந்திரி வியாபாரி வீட்டுக்கு எலிவேஷன்.
முன்னால் நாலு தூண், பால்கனிக்குக் கண்ணாடி,
மொட்டை மாடியில் ஒரு கலசம்.
ஏனென்று கேட்கக் கூடாது, கலசம்.
கார்டு இல்லாமல் ரெண்டர் செய்தால்
ஒரு படத்துக்கு ஒன்பது மணி நேரம்.
அதற்குள் நாலு முறை கரண்ட் போகும்.

பூட் வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்த்தேன்.
திரை வந்தது, எண்ணூறுக்கு அறுநூறில்,
எழுத்தெல்லாம் பூசணிக்காய்.
கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்த டிரைவரைக்
கறுப்புப் பட்டியலில் எழுதினேன்.
கம்பெனி கைவிட்ட பழைய டிரைவரைத் தேடிப்பிடித்து
போன் டேட்டாவில் இறக்கினேன், சொட்டுச் சொட்டாக.
கர்னலுக்குப் பொருந்தவில்லை.
இரண்டு வரி திருத்தினேன். பொருந்தியது.
அப்புறம்தான் இந்தச் செய்தி:
கையொப்பம் இல்லை. நிராகரிக்கப்பட்டது.

தனியறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
கீழே நாய் ஒருமுறை குரைத்து அடங்கியது.

ஆனால் இங்கே தாசில்தார் கிடையாது.
நீயே ஒரு சாவி செய்துகொள்ளலாம்,
நீயே ஒப்பமிடலாம்.
மறுபடி தொடங்கும்போது ஒரு நீலத்திரை வந்து
இந்தச் சாவியை ஏற்கலாமா என்று கேட்கும்.
தூரத்திலிருந்து யாரும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.
எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்தான் சொல்ல வேண்டும்.

சாவிக்குப் பெயர் கேட்டது.
மங்கையர்க்கரசி என்று அடித்தேன்,
முன்னால் எந்த இனிஷியலும் போடாமல்.
எத்தனை நாள் செல்லும் என்று கேட்டது.
முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு என்றேன்.
நூறு வருஷம். அது ஒன்றும் சொல்லவில்லை.

நீலத்திரை.
ஏற்கவா?
ஏற்கிறேன்.

மூன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
பேட்டரியில் நாற்பது நிமிடம் என்றது கணக்கு.
அடியில் இதுவரை சுற்றாத விசிறி
உப்பனாற்றில் கயிறிழுத்து எஞ்சின் பிடித்த படகாய்
ஒருமுறை திணறி, பிறகு சீராகியது.
கட்டம் கட்டமாக வீடு வந்தது.
முதலில் படிக்கட்டு. தூண்கள். கலசம்.
ஓடுகளை மழை அடித்துக்கொண்டிருக்க
அந்த வீட்டின்மேல் சித்திரை வெயில்,
நான் வைத்த கோணத்தில் நிழல்.
பதினோரு நிமிடம்.

ஒரு குறை இருக்கிறது.
மூடிவைத்துத் திறந்தால் விழிப்பதில்லை.
அதற்கு வழி இன்னும் கிடைக்கவில்லை,
அதனால் மூடுவதில்லை.

மேஸ்திரி குடையை வாசலில் சாய்த்துவிட்டு
திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"கலசத்தை இன்னும் கொஞ்சம் பெருசா வைம்மா" என்றார்.