பிறஷர் கொப்பி

காலையில் ஒன்று, இரவில் ஒன்று
எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டொக்டர் சந்தமாலி.
எண்கள் மட்டும் போதுமாம்.

நூற்று ஐம்பத்தெட்டின் கீழ் தொண்ணூற்றாறு.
ஒரு நீரிணையை மூடக்கூடும் என்றது வானொலி.
நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.
வரைபடத்தில் அதை எனக்குத் தொட்டுக் காட்டத் தெரியும்.
ராமகிருஷ்ணா வீதியில் மீன் விற்கிறவருக்கும் தெரியும்.
எண்ணெய் ஏறினால் வள்ளம் இறங்காது என்று
பாரைக்கு இருநூறு கூட்டினார்.

இந்த மாதக் குளிசை மஞ்சள்.
போன மாதம் வெள்ளை,
அதற்கு முன் நடுவில் கோடு போட்ட இளஞ்சிவப்பு.
எந்த நாட்டுக் கப்பல் எங்கே சுற்றிப் போகிறதென்று
பெட்டியைத் திருப்பிப் பார்த்தே சொல்வான்
ஃபார்மசி இல்ஹாம்.
உள்ளே மருந்து ஒன்றுதான் அக்கா.
இதைவிட நல்ல வெளிநாட்டமைச்சர்
எங்களுக்கு வாய்த்ததில்லை.

திங்கள் இரவு எண் இல்லை.
பட்டி கையில் இறுகும்போது
ஹெட்போனில் ட்ரம்ஸ் தொடங்கிவிட்டது.
எது பேஸ் கிட்டார், எது என் நாடி என்று
மெஷினுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.
இரண்டு தரம் பிழை காட்டி
அணைந்துபோனது.

வியாழன், காதுப் பரிசோதனை.
கண்ணாடி அறைக்குள் ஒரு கதிரை.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.
தாழ்ந்தவை எல்லாவற்றுக்கும் அழுத்தினேன்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
எனக்குக் கேளாத ஏதோவொன்றை
அனுப்பியபடி.

கோடு நாலாயிரத்தில் பள்ளமாய் விழுந்திருந்தது.
சிம்பல்களின் மினுக்கம் குடியிருந்த இடம்.
இரைச்சலான இடத்தில் வேலை செய்தீர்களா?
கொழும்பில்தான் இருந்தேன்.
டொக்டர் சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.
படிவத்தில் ஆம், இல்லை, இரண்டு பெட்டிகள்தான்.

அன்று கோட்டையில், எங்கள் மூன்றாம் மாடிக் கண்ணாடி
முழுதாக உள்ளே வந்தது.
ஒரு கிழமைக்கு எல்லோரும் எனக்கு வாயசைத்தார்கள்.
கேட்கிறதா என்று பார்க்க
அதே கிழமை நான் வோக்மனைக் கடைசிவரை திருகினேன்.
இந்தப் பள்ளத்தில்
குண்டுக்கு எவ்வளவு, கிட்டாருக்கு எவ்வளவு?
கரண்ட் பில்லைப் போலப் பங்கு பிரிக்க முடிந்தால் நல்லது.

அடுத்த வருடம் கிருலப்பனைச் சாவடியில்
பையைக் கொட்டிய சிப்பாய் அந்த வோக்மனை எடுத்தான்.
யார் பேசுகிறது இதில்?
பேச்சில்லை, பாட்டு.
ஹெட்போனைத் தன் காதில் மாட்டினான்.
எனக்குப் பின்னால் பதினொரு பேர், ஒரு கைக்குழந்தை, மழை.
கிட்டார் தனியே போகிற அந்த ஒன்றரை நிமிடமும்
கண்ணை மூடி நின்றான்,
துவக்கு என் பக்கமாய்ச் சரிந்தபடி.
பாட்டு இழுபட்டு இழுபட்டு நின்றது.
அடையாள அட்டையைத் திருப்பித் தந்தான்.
பற்றரி மாற்றுங்கள் என்றான் சிங்களத்தில்.
அவ்வளவுதான்.

அவனுக்கும் இப்போது ஐம்பத்துமூன்று இருக்கும்.
உயிரோடிருந்தால்
பிறஷரும் இருக்கும்.

இன்று இரவு
நூற்று முப்பத்தாறின் கீழ் எண்பத்தெட்டு.
காரணம் தெரியவில்லை.
செய்தியை நிறுத்தவில்லை, உப்பைக் குறைக்கவுமில்லை,
மத்தியானம் கருவாடு, மன்னிக்க வேண்டும் டொக்டர்.
கடலோரம் பாணந்துறை ரயில் போனது.
அதன் பாரம் கதிரைக் காலில் கேட்டது,
இரும்பின் கிரீச் எனக்கில்லை.

மேல்மாடிப் பையன் கிட்டார் பழகுகிறான்.
மூன்று மாதமாக அதே நாலு பிடி,
மூன்றாவதில் விரல் தடுக்கும்.
படியில் கண்டபோது அவன் அம்மா கேட்டாள்,
சத்தம் கூடவா மிஸ்?
காணாது என்றேன்.

எண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடமிருந்தது.
எழுதினேன்:
இன்றைக்கும் மூன்றாவது பிடி பிழை.